மதியத்தில் மட்டும் திணறும் கேம்: கார்டை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

நீங்கள் கேட்டதன் சுருக்கம் இது. குடியாத்தத்தில் மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை, பக்கத்துச் சுவருக்கு அந்தப்புறம் விசைத்தறி. ஐ5 4690கே சிபியு, இசட்97 போர்டு, 4 ஜிபி குச்சி இரண்டாக 8 ஜிபி டிடிஆர்3 ராம், பிறகு சேர்த்த ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு. சிபியுவை ஓவர்கிளாக் செய்து, அதாவது தொழிற்சாலை வேகத்துக்கு மேலே ஏற்றி, 1.28 வோல்ட் கொடுத்து 4.5 கிகாஹெர்ட்ஸில் பல வருடமாக ஓட்டி வருகிறீர்கள். இப்போது காலையில் விநாடிக்கு 60 ஃபிரேமில் ஓடும் கேம், மதியம் உட்கார்ந்தால் 20 நிமிடத்தில் 25-க்கு விழுகிறது. ஒரு நிமிடத்தில் எழுகிறது, மறுபடி விழுகிறது. வாரத்துக்கு ஒருமுறை நீலத் திரை வேறு. கார்டு போய்விட்டது, மாற்றுங்கள் என்று கடையில் சொல்கிறார்கள்.

மாற்றாதீர்கள், இப்போதைக்கு. பழுதாகும் கார்டு திரையில் கோடு இழுக்கும், வண்ணப் புள்ளி தெளிக்கும், டிரைவர் நின்று திரை ஒருமுறை இருண்டு திரும்பும். காலை என்றும் மதியம் என்றும் பார்க்காது. விழுவது, ஆறுவது, எழுவது, மறுபடி விழுவது என்று தாளம் தப்பாமல் நடந்தால் ஏதோ ஒரு பாகம் சூடு தாங்காமல் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது என்று அர்த்தம். அந்தப் பாகம் எது என்பதுதான் கேள்வி. சிபியுவா, சிபியுவுக்கு மின்சாரம் கொடுக்கும் விஆர்எம் பகுதியா, கார்டா?

பழைய ஓவர்கிளாக்கில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. மார்கழியில் அறை 26 டிகிரி இருந்தபோது சோதித்து, 'நிற்கிறது' என்று முடிவு செய்திருப்பார்கள். கூலர் சிபியுவை அறைக் காற்றைவிட இத்தனை டிகிரி மேலே என்ற கணக்கில்தான் வைத்திருக்கும். அன்று 26-இல் 78 காட்டியிருந்தால் வித்தியாசம் 52. கத்திரி வெயிலில் வேலூர்ப் பக்கம் வெளியே 40 தாண்டுவது செய்தியே இல்லை. மாடிக்குக் கீழ் அறை மூடியிருந்தால் உள்ளே 38 சர்வசாதாரணம். அதே 52-ஐக் கூட்டினால் 90. சூடேறிய சிலிக்கான் கூடுதலாக மின்சாரம் கசியவிடும் என்பதால் அதற்கும் ஓரிரு டிகிரி மேலே. இது புத்தம்புது கூலர், புது பேஸ்ட் (சிபியுவுக்கும் கூலருக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் பசை), தூசியில்லாத ஃபின் (கூலரின் மெல்லிய உலோகத் தகடுகள்) என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. உங்களுடையதில் மூன்றுமே இல்லை. இந்தச் சிபியு 100 டிகிரியில் வேகத்தை வெட்டும்.

ராத்திரி விளையாடினால் சரியாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். 'மரமில்லா மலை' என்று வேலூரைக் கேலி செய்வார்களே, அந்தப் பாறையும் உங்கள் கான்கிரீட் கூரையும் பகலில் குடித்த சூட்டை ஒன்பது, பத்து மணி வரை கக்கிக்கொண்டிருக்கும். அறைச் சூடு குறைந்திருப்பது விடியற்காலையில்தான். காலையில் ஒழுங்காக ஓடுகிறது என்று நீங்கள் சொல்வதும் இதோடு ஒத்துப்போகிறது.

முதல் வேலை அளப்பது. பாகங்களின் சூடு, வேகம் காட்டும் எச்டபிள்யுஇன்ஃபோ64 மென்பொருளை இறக்கி, சென்சார் பக்கத்தை மட்டும் திறந்து, இரண்டு விநாடிக்கு ஒருமுறை பதிவு எடுக்கும்படி வையுங்கள். கூடவே எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரும் ரிவாட்யூனரும் போட்டு, திரை மூலையில் ஃபிரேம் எண்ணிக்கை, ஃபிரேம் நேரம், கார்டின் உபயோகம், கார்டின் கிளாக் (ஓடும் வேகம்), சிபியுவின் ஒவ்வொரு கோரின் (தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி) உபயோகம், கிளாக், சூடு, ராம், வீடியோ மெமரி எல்லாம் தெரியச் செய்யுங்கள். சிபியுவின் மொத்தச் சதவீதம் ஒன்றை மட்டும் பார்க்காதீர்கள், அது ஏமாற்றும். நான்கு கோரில் ஒன்று முழுசாகத் திணறினாலும் மொத்தம் 25 என்றுதான் காட்டும். ஃபிரேம் நேரத்தைக் கோடாகப் போடுங்கள். 60 ஃபிரேம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 16.7 மில்லிவிநாடி. சராசரி 55 இருந்தும் கண்ணுக்கு வெட்டி வெட்டி ஓடினால், அந்தக் கோட்டில் 50, 80 என்று முள் முள்ளாக நிற்கும். மதியம் இரண்டு மணிக்கு மேல், கேமில் ஒரே இடத்தில், முப்பது நிமிடம் ஓட்டிப் பதிவை எடுத்து வையுங்கள்.

அடுத்தது ஒரே ஒரு சோதனை, இதைத் தவிர்க்கவே கூடாது. இப்போதைய ஓவர்கிளாக் அமைப்பை பயாஸில் (போர்டின் அமைப்பு மெனு) ஒரு ப்ரொஃபைலாகச் சேமித்துவிட்டு, எல்லாவற்றையும் டீஃபால்ட்டுக்குக் கொண்டுபோங்கள். ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பையும் அணையுங்கள். சிபியு 3.5 அடிப்படை, 3.9 டர்போ என்ற தன் பிறவி வேகத்துக்கு வந்துவிடும். மறுநாள் அதே நேரம், அதே இடம், அதே முப்பது நிமிடம். சராசரி கொஞ்சம் இறங்கி, 25-க்கு விழுவதும் நீலத் திரையும் காணாமல் போனால் கார்டு நிரபராதி. விழுவது அப்படியே இருந்தால் ஓவர்கிளாக்கை விட்டுவிட்டு மற்ற பக்கம் போகலாம். பலர் இதைச் செய்வதில்லை. பல வருடம் ஓடிய ஓவர்கிளாக் என்பதாலேயே அதன் மேல் சந்தேகம் வராது. ஆனால் கூடுதல் வோல்டேஜும் சூடும் சேர்ந்து சிப்பை மெல்ல மெல்லத் தேய்க்கும். முன்பு 1.28-இல் நின்ற 4.5, இன்று 1.30 கேட்கலாம். போர்டில் உள்ள கெபாசிட்டரும் அப்படித்தான். பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்பது அந்தத் தொழிலில் எல்லோரும் போடும் தோராயக் கணக்கு.

பதிவை எப்படிப் படிப்பது என்று சொல்கிறேன். ஃபிரேம் விழும் அதே நொடியில் கோர் சூடு 98, 100-ஐத் தொட்டு, 'தெர்மல் த்ராட்லிங்' வரிசை 'யெஸ்' என்று மாறி, கிளாக் 4.5-இலிருந்து படிப்படியாக இறங்கினால் சிபியு சூடு, வேறு விளக்கம் தேவையில்லை. கோர் சூடு 75-தான், ஆனாலும் கிளாக் திடீரென்று 800 மெகாஹெர்ட்ஸுக்குப் பொத்தென்று விழுகிறது, சில விநாடியில் 4.5-க்குத் தாவுகிறது, மறுபடி 800 என்றால் அது சிபியு இல்லை. விஆர்எம் கொதித்து, ப்ராச்ஹாட் என்ற சிக்னலால் போர்டு சிபியுவின் கழுத்தைப் பிடிக்கிறது. பெரிய டவர் கூலர் போட்டவர்களுக்கு இது அடிக்கடி வரும். சிபியுவோடு வரும் கம்பெனி கூலர் கீழ்நோக்கி ஊதி, பக்கத்தில் இருக்கும் விஆர்எம்மையும் சேர்த்து ஆற்றும். டவர் கூலர் பக்கவாட்டில் ஊதும், விஆர்எம் மேல் காற்றே படாது.

கார்டுக்கும் இதே பாணி. ஜிடிஎக்ஸ் 1060 தொழிற்சாலை அமைப்பில் 83 டிகிரியை இலக்காக வைத்துக்கொண்டு கிளாக்கை இறக்கி ஏற்றும். சூடேற ஏற 1900-இலிருந்து 1800 பக்கம் நழுவுவது இந்தத் தலைமுறையின் இயல்பு, பயப்பட வேண்டாம். 1506 என்ற அடிப்படைக் கிளாக்குக்கும் கீழே போய், எச்டபிள்யுஇன்ஃபோவில் 'பெர்ஃபார்மன்ஸ் லிமிட், தெர்மல்' என்று வந்தால்தான் கார்டின் கூலரைப் பார்க்க வேண்டும். கிளாக் எதுவும் இறங்கவில்லை, சூடும் சரி, ஆனால் நான்கு கோரும் 100-இல் ஒட்டிக்கொண்டு கார்டு 60 சதவீதத்தில் சும்மா நிற்கிறது என்றால் அது பழுதே இல்லை. நான்கு கோர், நான்கு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலை வரிசை) உள்ள சிபியுவுக்கு இன்றைய கேம் சுமை அதிகம், அவ்வளவுதான். இதைக் கடைசியில் பார்ப்போம்.

நீலத் திரைக்கு விண்டோஸின் பிழைப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 'சிஸ்டம்' பகுதியைத் திறந்து, ஹார்ட்வேர் பிழைகளைப் பதியும் 'டபிள்யுஎச்இஏ-லாகர்' என்ற பெயரைத் தேடுங்கள். எண் 19, உள்ளே 'இன்டர்னல் பேரிட்டி எரர்' என்று வரிசையாக இருந்தால் இந்தத் தலைமுறை சிபியுவில் கோர் வோல்டேஜ் போதவில்லை என்பதன் முதல் அறிகுறி. கணினி தானே திருத்திக்கொண்டு ஓடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. எண் 18, அல்லது நீலத் திரையில் 'கிளாக் வாட்ச்டாக் டைம்அவுட்' என்று வந்தால் அதே நோய் முற்றிவிட்டது. எண் 41 மட்டும் தனியாக இருந்தால் மின்சாரம் பட்டென்று போனதையோ மொத்தமாக உறைந்ததையோதான் அது சொல்கிறது, காரணம் சொல்லாது. 'டிஸ்ப்ளே', 4101 என்றால் கார்டு அல்லது அதன் டிரைவர்.

இப்போது தூசி. தறி ஓடும் தெருவில் இருக்கும் கம்ப்யூட்டரை மற்ற ஊர்க் கம்ப்யூட்டர் மாதிரி நினைக்கக் கூடாது. சாதாரண மண் தூசி ஃபின்னுக்கு இடையே பொடியாகத் தங்கும், ஊதினால் போய்விடும். பஞ்சுத்தூசு அப்படியல்ல. ஃபேனுக்குப் பின்னால், கூலரின் முகத்தில், துணி நெய்தது போல ஒரு படலமாகப் படியும். ஃபேன் முன்னால் மறைப்பதால் வெளியிலிருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும். ஃபேனைக் கழற்றினால்தான் வண்டவாளம் தெரியும். ஃபேன் முழு வேகத்தில் சுற்றும், கூலரின் மறுபக்கம் கை வைத்தால் காற்றே வராது. பல இடங்களில் இந்த ஒரு படலத்தை உரித்தெடுப்பதோடு பிரச்சினை முடிந்துவிடும்.

ப்ளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றிவிட்டு ஆரம்பியுங்கள். ஃபேன் கிளிப்பைக் கழற்றி, படலத்தை விரலாலோ மென்மையான பெயின்ட் பிரஷ்ஷாலோ உரித்தெடுத்துவிட்டு, பிறகு ப்ளோவரால் எதிர்ப்பக்கத்திலிருந்து ஊதுங்கள். காற்று வழக்கமாகப் போகும் திசையிலேயே ஊதினால் பஞ்சு இன்னும் உள்ளே இறுகும். எந்த ஃபேனுக்கு ஊதினாலும் அதன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ப்ளோவர் காற்றில் விர்ரென்று சுற்றவிட்டால் பேரிங் போகும். மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியின் பின்துளை, கேபினெட்டின் முன் வலை, கார்டின் ஃபின் எல்லாவற்றுக்கும் இதே வேலை. எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் திறக்காதீர்கள், ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெபாசிட்டர் அடிக்கும். முன் வலைக்கு உள்புறம் கழற்றிக் கழுவக்கூடிய நைலான் வலை ஒன்று கட்டுங்கள். தறி ஓடும் தெருவில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அதைத் தட்டிக் கழுவ வேண்டும்.

ஏர் கூலர் வைத்திருந்தால் அதன் நேர்க் காற்றில் கம்ப்யூட்டர் இருக்கக் கூடாது. நம் பக்கத்து வறண்ட வெயிலில் ஏர் கூலர் ஆளுக்கு நன்றாக வேலை செய்யும், மெஷினுக்கு அந்த ஈரக் காற்று பஞ்சோடு சேர்ந்து ஃபின்னில் கம்பளி போல ஒட்டும். உப்புத் தண்ணீராக இருந்தால் தெறிக்கும் துளி காய்ந்து வெள்ளைப் படிவமாக நிற்கும்.

சுத்தம் செய்த பிறகும் சூடு குறையாவிட்டால் பேஸ்ட்டை மாற்றுங்கள். கூலரைக் கழற்றும் முன் கம்ப்யூட்டரைப் பத்து நிமிடம் ஓட்டி அணைத்தால் காய்ந்த பேஸ்ட் இளகும். நேராக இழுக்காமல் இடம் வலமாகச் சற்றுத் திருப்பிப் பிறகு தூக்குங்கள். பழையதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, நடுவில் பட்டாணி அளவு புது பேஸ்ட். அதிகம் வைத்தால் நல்லது என்று இட்லி மாவு மாதிரி அப்ப வேண்டாம். நான்கு ஸ்க்ரூவையும் மூலைக்கு மூலை எதிரெதிராக, ஒவ்வொன்றும் இரண்டு சுற்று வீதம் முடுக்குங்கள். இந்தச் சிபியுவில் மூடிக்குக் கீழே சால்டர் கிடையாது, உள்ளேயும் பேஸ்ட்தான். அதனால் கூலரைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும்போதே உள்ளே கோர் 90-இல் இருக்கும். கூலர் சூடாக இல்லையே என்று கை வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்த மூடியைப் பிளந்து உள்பேஸ்ட்டை மாற்றும் வித்தை இணையத்தில் கிடைக்கும். இந்த வயதுச் சிபியுவுக்கு அது வேண்டாத விஷப் பரீட்சை.

கார்டில் பேஸ்ட் மாற்றும்போது ஒரு எச்சரிக்கை. மெமரி சிப்புகளின் மேல் இருக்கும் தெர்மல் பேடு கிழிந்தால், அதே கனமுள்ள பேடுதான் போட வேண்டும். ஒரு மில்லிமீட்டருக்குப் பதில் ஒன்றரை போட்டால் கூலர் தூக்கிக்கொண்டு நடுச் சிப்பில் உட்காராது. கழற்றும் முன்பைவிடச் சூடு கூடிவிட்டது என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேர் செய்த தவறு இதுதான்.

காற்றோட்டத்துக்கு எளிய சோதனை ஒன்று. கேபினெட்டின் பக்க மூடியைக் கழற்றி அதே கேமை ஓட்டுங்கள். சூடு ஐந்து டிகிரிக்கு மேல் குறைந்தால் கேபினெட் மூச்சு முட்டுகிறது. முன்னால் ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேன் உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள, இரண்டு போதும். கம்ப்யூட்டர் டேபிளின் கதவு வைத்த அறைக்குள் சிபியு பெட்டியை நுழைத்து வைத்திருந்தால் முதலில் அதை வெளியே எடுங்கள், தரையிலிருந்து ஒரு செங்கல் உயரம் தூக்கி வையுங்கள். விஆர்எம் பிரச்சினை என்று கண்டுபிடித்திருந்தால், அதன் ஹீட்சிங்கைப் பார்த்து ஊதும்படி 80 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்றை ஜிப் டேகில் கட்டிவிடுங்கள். பார்க்க அழகாக இருக்காது, வேலை செய்யும்.

இனி ஓவர்கிளாக்கை மறுபடி உட்கார வைப்பது. சிபியு தின்னும் மின்சாரம் கிளாக்குக்கு நேர்விகிதம், வோல்டேஜுக்கு அதன் வர்க்கம். 4.5 கிகாஹெர்ட்ஸ், 1.28 வோல்ட் ஒரு பக்கம். 4.2, 1.15 மறுபக்கம். 4.5-ஐ 4.2-ஆல் வகுத்தால் 1.07. 1.28-ஐ 1.15-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 1.24. பெருக்கினால் 1.33. அதாவது 7 சதவீத வேகத்துக்காக 33 சதவீதச் சூட்டைச் சுமக்கிறீர்கள். குளிர் ஊரில் இருப்பவர் அந்தப் பேரத்தை ஒப்புக்கொள்ளலாம், குடியாத்தத்து மாடி அறைக்கு அது கட்டாது. 60 ஃபிரேமில் ஏழு சதவீதம் நான்கு ஃபிரேம். அந்த நான்குக்காக 25-க்கு விழுகிறீர்கள்.

பயாஸில் மல்டிப்ளையரை எல்லாக் கோருக்கும் 42 வையுங்கள். பேஸ் கிளாக் 100 மெகாஹெர்ட்ஸ், அதை 42-ஆல் பெருக்கினால் 4.2 கிகாஹெர்ட்ஸ்; பேஸ் கிளாக்கைத் தொடவே வேண்டாம். கேஷ் ரேஷியோ (சிபியுவுக்கு உள்ளே இருக்கும் நினைவகத்தின் வேகம்) என்று தனியாக ஒன்று இருக்கும், அதை 38-இல் நிறுத்துங்கள். கோருக்குச் சமமாக இதையும் ஏற்றி வைத்துவிட்டு, நிற்காதபோது கோர் வோல்டேஜைக் கூட்டிக்கொண்டே போவது பழைய தவறு. கேஷால் கேமில் கிடைக்கும் லாபம் சொற்பம். சிபியு இன்புட் வோல்டேஜ் 1.8 அக்கம்பக்கம் இருக்கட்டும். கோர் வோல்டேஜை 'ஆட்டோ'வில் விடாதீர்கள், போர்டு தாராளப் பிரபு மாதிரி தேவைக்கு மேல் அள்ளிக் கொடுக்கும். மேனுவலில் 1.15 வைத்து விண்டோஸுக்குள் போய் எச்டபிள்யுஇன்ஃபோவில் அதுதான் வருகிறதா என்று சரிபாருங்கள்.

சோதனைக்கு, சிபியுவுக்கு முழுச் சுமை கொடுக்கும் பிரைம்95 எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது: புதுப் பதிப்புகள் ஏவிஎக்ஸ்2 என்ற கனமான கணக்குக் கட்டளைகளால் சிபியுவைக் கேம் எதுவும் காய்ச்சாத அளவுக்குக் காய்ச்சும். அதன் டார்ச்சர் டெஸ்ட் பெட்டியிலேயே ஏவிஎக்ஸ்2, ஏவிஎக்ஸ் இரண்டையும் அணைக்கும் வசதி உண்டு, அணைத்துவிட்டு ஓட்டுங்கள். மதியம் இரண்டிலிருந்து நான்குக்குள், ஏசி இருந்தாலும் அணைத்துவிட்டு, ஒரு மணி நேரம். உறைந்தாலோ, ஒரு கோர் பிழை சொல்லி நின்றாலோ, ஈவென்ட் வியூவரில் 19 வந்தாலோ வோல்டேஜை 0.01 கூட்டி மறுபடி. 1.20 தாண்டியும் நிற்கவில்லை என்றால் வோல்டேஜை விட்டுவிட்டு மல்டிப்ளையரை 41-க்கு இறக்குங்கள். சோதனையில் 88-க்குள்ளும் கேமில் 80-க்குள்ளும் நின்றால் அது கத்திரியைத் தாண்டும் ஓவர்கிளாக். பிறகு மேனுவலிலிருந்து அடாப்டிவுக்கு மாற்றிக்கொள்ளலாம், சும்மா இருக்கும்போது வோல்டேஜ் தானாக இறங்கும். ஒன்று மட்டும்: அடாப்டிவில் ஏவிஎக்ஸ்2 சுமை வந்தால் இந்தத் தலைமுறைச் சிபியு நீங்கள் கொடுத்ததற்கு மேல் ஏறக்குறைய 0.1 வோல்ட் தானே எடுத்துக்கொள்ளும். ஆகவே அடாப்டிவில் வைத்துவிட்டு ஏவிஎக்ஸ் சோதனை ஓட்டாதீர்கள்.

ராமின் எக்ஸ்எம்பியைக் கடைசியில் திரும்பப் போடுங்கள். போட்டதும் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐப் பென்டிரைவிலிருந்து நான்கு சுற்று ஓட்டுங்கள். ஒரு பிழை வந்தாலும் வந்ததுதான், 'ஒன்றுதானே' என்று விடக்கூடாது. இரண்டு குச்சியும் ஒரே நிறச் சாக்கெட்டில், வழக்கமாக சிபியுவிலிருந்து இரண்டாவது, நான்காவதில் இருக்கிறதா என்றும் பாருங்கள். சுத்தம் செய்யக் கழற்றி அடுத்தடுத்த சாக்கெட்டில் மாட்டிவிட்டால் டூயல் சேனல் (இரண்டு குச்சியையும் ஒரே நேரத்தில் பயன்படுத்துவது) போய்விடும், கேமில் குறைந்தபட்ச ஃபிரேம் அடி வாங்கும்.

மின்சாரம் பற்றிக் கொஞ்சம். 4.5-இல் சிபியுவும் 120 வாட் கார்டும் மற்றவையும் சேர்ந்தால்கூட உங்கள் மெஷின் 300 வாட்டைத் தாண்டுவது அபூர்வம். நேர்மையான 450 வாட் எஸ்எம்பிஎஸ் போதும். 'நேர்மையான' என்பதுதான் சிக்கல். பின்னால் 115, 230 என்று சிவப்பு ஸ்விட்ச் உள்ள மலிவு எஸ்எம்பிஎஸ் என்றால் ஆக்டிவ் பிஎஃப்சி (உள்ளே இழுக்கும் மின்சாரத்தைச் சீராக்கும் சுற்று) இல்லை. பக்கத்தில் நான்கு தறி ஒன்றாக ஸ்டார்ட் ஆகும்போது லைனில் வோல்டேஜ் சரியும், அந்த வகை எஸ்எம்பிஎஸ் அதைத் தாங்காது. ஆக்டிவ் பிஎஃப்சி உள்ளது 100-இலிருந்து 240 வரை சமாளிக்கும். மல்டிமீட்டரை நாலு பின் மோலக்ஸ் கனெக்டரின் மஞ்சள், கறுப்பில் வைத்து, கேம் ஓடும்போது பாருங்கள். 11.4-க்குக் கீழே போகக் கூடாது. மென்பொருள் காட்டும் 12 வோல்ட் எண்ணை நம்பி எஸ்எம்பிஎஸ்ஸைத் தூக்கி எறியாதீர்கள், அது பல போர்டுகளில் தப்பாகவே வரும்.

600 விஏ யுபிஎஸ் என்பது பெரும்பாலும் 360 வாட்தான். பழைய பேட்டரியோடு அதில் கேம் மெஷினும் மானிட்டரும் சேர்ந்தால் கரண்ட் போன நொடியில் யுபிஎஸ்ஸும் சேர்ந்து போகும். ஈவென்ட் 41-இல் பாதி இப்படி வருவது. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் கேம் ஓட்டவே வேண்டாம். கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இருந்தால் வீட்டு எர்த் வேலை செய்யவில்லை. எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு அதைச் சரிசெய்துவிட்டுத்தான் மற்ற எல்லாமே.

மீதி விஷயங்கள் சிறியவை, ஆனாலும் விட்டுவிடக் கூடாது. தேதி, நேரம் அடிக்கடி தப்பாக வந்தால் போர்டின் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. அது தீர்ந்தால் பயாஸ் அமைப்பு மறந்து ராம் தன் பாட்டுக்கு 1333-இல் ஓடும், நீங்கள் ஓவர்கிளாக் இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். ஹார்ட் டிஸ்கில் கேம் இருந்தால், டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் 05, சி5, சி6 வரிசைகளைப் பாருங்கள், பூஜ்யத்தைத் தாண்டியிருந்தால் முதலில் ஃபைல்களைக் காப்பாற்றுங்கள். சி7 மட்டும் ஏறினால் சாட்டா கேபிள். நகரம் முழுக்க வண்டி ஓட்டும் கேம்களில் வேகமாகப் போகும்போது மட்டும் வெட்டினால் டிஸ்க் பின்தங்குகிறது, சாட்டா எஸ்எஸ்டி ஒன்று தீர்த்துவிடும். 8 ஜிபி ராமில் 7.5 நிரம்பி நிற்கும்போது டிஸ்க் 100 சதவீதம் காட்டினாலும் அறிகுறி இதேதான், அங்கே மருந்து ராம்.

காசு கொடுக்காமல் இறக்கிய கேமோடு மைனர் (உங்கள் கார்டை வைத்து வேறொருவருக்குக் கிரிப்டோ காசு தோண்டும் கள்ள மென்பொருள்) ஒன்று ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். கேம் எதுவும் ஓடாதபோதும் கார்டு ஃபேன் கத்துகிறது, டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் அடங்குகிறது என்றால் அதுதான். சுத்தம் செய்ய முயலாமல் விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள்.

2016-இல் எடுத்த வேகச் சோதனை ஸ்கோரோடு இன்றைய ஸ்கோரை ஒப்பிட்டு வருந்தவும் வேண்டாம். 2018 ஜனவரியில் வெளியான மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற சிபியுப் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க வந்த அப்டேட்டுகள் இந்தத் தலைமுறைச் சிபியுக்களைக் கொஞ்சம் மெதுவாக்கின. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11 இந்தச் சிபியுவை அதிகாரபூர்வமாக ஏற்காது.

கார்டுக்கு இரண்டு சின்ன வேலை. ஆஃப்டர்பர்னரில் பவர் லிமிட்டை 85-க்கு இறக்குங்கள், ஃபிரேம் இழப்பு கண்ணுக்குத் தெரியாது, சூடும் சத்தமும் குறையும். ரிவாட்யூனரில் 60 ஃபிரேம் வரம்பு போடுங்கள். வரம்பு இல்லாவிட்டால் கேமின் எளிய காட்சிகளில் 110 ஃபிரேமை விரட்டி, சிபியு நான்கு கோரையும் எரித்துச் சூட்டைச் சேமித்து வைக்கும். கடினமான காட்சி வரும்போது ஏற்கெனவே கொதித்திருக்கும்.

இத்தனைக்குப் பிறகும், கிளாக் விழாமல், சூடு 80-க்குள் நின்று, நான்கு கோரும் 100-இல் ஒட்டி ஃபிரேம் நேரக் கோடு முள்ளாகவே இருந்தால் ஓவர்கிளாக்கால் தீராது. த்ரெட் எண்ணிக்கைதான் குறை. கேமில் கூட்ட அடர்த்தி, காட்சித் தொலைவு, நிழல் மூன்றையும் குறைத்துப் பாருங்கள். அவைதான் சிபியுவைத் தின்பவை. ரெசல்யூஷனைக் குறைத்தால் சிபியு சுமை குறையாது, கார்டு இன்னும் சும்மா நிற்கும். அதுவும் போதாவிட்டால் இதே சாக்கெட்டில் உட்காரும் ஐ7 4790கே பழையது ஒன்று தேடலாம். கோர் அதே நான்கு, த்ரெட் எட்டு. ஜியான் இ3-1231 வி3-யும் அதே சாக்கெட், அதே எட்டு த்ரெட், மல்டிப்ளையர் மட்டும் பூட்டியிருக்கும். நம் வெயிலுக்கு அது குறையே இல்லை. உங்கள் போர்டின் பயாஸ் பதிப்பு அந்தச் சிபியுவை ஏற்குமா என்று போர்டு கம்பெனியின் பட்டியலில் பார்த்துவிட்டு வாங்குங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்குவதானால் கடையிலேயே ஒரு போர்டில் மாட்டி, இருபது நிமிடம் சுமை கொடுத்து, ஈவென்ட் வியூவரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் அடுத்த கடை.